என் அப்பா புஷ் கடைகிறார்

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் யாரை நிறுத்திக் கேட்டாலும் சொந்த ஊர் என்று வேறொரு பெயரைத்தான் சொல்வார்கள். எங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் செங்கம் பக்கம். எதிர்வீட்டுக்காரர்கள் அரூர். பக்கத்து வீடு குப்பம், அதற்கடுத்தது திருநெல்வேலி. மூலைவீட்டு ஆயா ஒருவர்தான் அந்த மண்ணிலேயே பிறந்தவர். வீட்டுக்குள் தெலுங்கு, அத்திப்பள்ளியிலிருந்து வரும் காய்கறி வண்டிக்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று மாற்றி மாற்றிப் பேசுவார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தெருவே காலியாகிவிடும். ஆயா வீட்டு வாசலில் மட்டும் கோலம் இருக்கும்.

இத்தனை ஊர்க்காரர்களையும் இங்கே சேர்த்தது தொழிற்பேட்டைதான். அதை அமைத்த, அரசின் சிப்காட் நிறுவனம் 1971ல் தொடங்கியது. எழுபதுகளில் ஓசூரில் நிலம் எடுத்துத் தொழிற்பேட்டை அமைத்தார்கள். 1980ல் அசோக் லேலண்டின் லாரி ஆலை, அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட், எண்பதுகளின் நடுவில் டைட்டன் கடிகாரம் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. பெரிய ஆலை ஒன்று வந்தால் அதற்கு உதிரி பாகம் செய்துகொடுக்கச் சுற்றிலும் நூறு பட்டறைகள் முளைக்கும். அப்படி முளைத்த ஒரு பட்டறைக்கு 1985ல் ஐ.டி.ஐ. டர்னர் சான்றிதழோடு வந்து சேர்ந்தவர் என் அப்பா. "அஞ்சு வருஷம் சம்பாதிச்சுட்டு ஊருக்கே வந்துடறேம்மா" என்று பாட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாராம். 1994ல் மூக்கண்டப்பள்ளியில் ஒரு மனை வாங்கினார். நான்கு வருஷம் கழித்து, பழைய லேத் ஒன்றை வாங்கி வாடகை ஷெட்டில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பிறகு இன்னொரு லேத்தும் வந்தது. ஊருக்குத் திரும்பும் பேச்சு மெல்ல மெல்ல நின்றுபோனது.

2013ம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் அந்தப் பேச்சு வேறு வடிவத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்தது. பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் முடித்து, ஓசூரில் ஒரு கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பயிற்சியில் இருந்தேன். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்தது. எஃப்-1 மாணவர் விசாவுக்குச் சென்னையில் நேர்காணலுக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவில் 1952ல் இயற்றிய குடிவரவுச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. விசா கேட்டு வருகிறவர் அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடுதான் வருகிறார் என்று அதிகாரி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. அப்படி இல்லை, படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்புவேன் என்று காட்டுவது விண்ணப்பிக்கிறவரின் பொறுப்பு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு முன்பு நேரில் போகாமலே விசா வாங்கியவர்கள் பலர். 2003 ஆகஸ்டிலிருந்து ஏறக்குறைய எல்லோரும் அதிகாரியின் முன்னால் போய் நின்றாக வேண்டும் என்று ஆனது. வெளிநாட்டு மாணவர்களைக் கண்காணிக்கும் செவிஸ் பதிவு முறையும் அந்த ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. நான் விண்ணப்பித்தபோது செவிஸ் கட்டணம் 200 டாலர், விசாக் கட்டணம் 160 டாலர். விசா மறுக்கப்பட்டால் விசாக் கட்டணம் திரும்பக் கிடைக்காது.

ஐந்து வருஷத்தில் வருகிறேன் என்று சொல்லி வராத மனிதர், தன் மகள் திரும்பி வருவாள் என்பதற்கு ஆதாரம் சேர்த்தார். அதை நான் அப்போதே யோசித்தேன். அப்பாவும் யோசித்திருப்பார். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

முதலில் பெங்களூருவில் ஓர் ஆலோசனை நிலையத்துக்குப் போனேன். ஓசூரில் படித்துவிட்டு வெளிநாடு போக நினைக்கிற பிள்ளைகளுக்கு எல்லாம் பெங்களூருதான். ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் வேறு மாநிலம் என்கிற நினைப்பே எங்களுக்கு இருந்ததில்லை. அங்கே மாதிரி நேர்காணல் நடத்துவார்கள். குளிரூட்டிய அறை, கண்ணாடித் தடுப்புக்குப் பதில் ஒரு மேஜை, அந்தப் பக்கம் கழுத்தில் டை கட்டிய ஓர் இளைஞர். கையில் அச்சடித்த கேள்வி பதில் கற்றையைக் கொடுத்துவிட்டார்கள். ஏன் அமெரிக்கா என்றால் ஒரு பத்தி. ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்றால் ஒரு பத்தி. பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மட்டும் கோடு போட்டு இடம் விட்டிருந்தது. அப்பா என்ன செய்கிறார் என்று மேஜைக்காரர் கேட்டார். லேத் பட்டறை வைத்திருக்கிறார் என்றேன். "அதெல்லாம் வேண்டாம், பிசினஸ்னு சொல்லுங்க. லேத்துன்னா லேபர்னு நெனச்சுடுவாங்க" என்றார்.

ஓசூருக்குப் பஸ்ஸில் திரும்பும்போதும் அந்தப் பேச்சு மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டில் முதல் தலைமுறையாகப் படித்து மேலே வருகிற பிள்ளையிடம் சொல்லக்கூடாத பேச்சு அது. அதைச் சொல்கிறவருக்கு அது ஒரு தொழில் நுணுக்கம். கேட்கிற பிள்ளைக்கோ, தன் வீட்டைப் பற்றி ஒருவர் எழுதிக்கொடுத்த தீர்ப்பு. அதே நிலையத்தில் வேறொரு ஏற்பாடும் இருந்ததாக உடன் வந்த பையன்கள் சொன்னார்கள்: வங்கிக் கணக்கில் சில வாரங்களுக்கு மட்டும் யாருடைய பணத்தையாவது போட்டு வைத்து, இருப்புச் சான்றிதழ் வாங்கியதும் எடுத்துவிடுவது. ஷோ மணி என்று பெயர். வட்டியும் கமிஷனும் தனி. நான் அங்கே மறுபடி போகவில்லை.

அந்த நாட்களில் இப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்கு அஞ்ச வேண்டிய காரணமும் இருந்தது. 2011 ஜனவரியில் கலிபோர்னியாவில் ட்ரை-வேலி என்ற பல்கலைக்கழகத்தில் அமெரிக்க அதிகாரிகள் புகுந்து சோதனை போட்டார்கள். பல்கலைக்கழகம் என்று பெயர். பாடம் நடந்ததைவிடப் பணம் வாங்கிக்கொண்டு விசாவுக்குக் காகிதம் கொடுத்ததுதான் அதிகம். அங்கே சேர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், அதிலும் நிறையப் பேர் ஆந்திரப் பிள்ளைகள். சிலருக்குக் காலில் கண்காணிப்புக் கருவி மாட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் குப்பத்துக்காரர் வீட்டு அம்மா அழுதது எனக்கு நினைவிருக்கிறது. அவர் தங்கை மகன் வேறு கல்லூரியில்தான் படித்தான், ஆனாலும் அழுதார். அதற்குப் பிறகு நேர்காணலில், ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்விக்குக் கனம் கூடிவிட்டது. கோடிட்ட இடத்தில் பெயரை நிரப்பிச் சொல்லும் பதில் அதற்குப் போதாது.

விண்ணப்பப் படிவத்துக்கு டி.எஸ்.-160 என்று பெயர். கணினியில்தான் நிரப்ப வேண்டும். 2012, 2013ல் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. எங்கள் பகுதியில் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. படிவத்தில் இருபது நிமிஷம் எதையும் தொடாமல் இருந்தால் வெளியே தள்ளிவிடும்; ஒவ்வொரு பக்கமும் சேமித்துக்கொண்டே போக வேண்டும். இரவு பதினொன்றுக்குக் கரண்ட் வந்தால் அப்பா பட்டறைக்குக் கிளம்புவார், நான் கணினி முன் உட்காருவேன். பகலில் ஓட்ட முடியாத லேத்தை இரவில் ஓட்டி டெலிவரி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. கனரக வாகன விற்பனையும் அப்போது சரிந்திருந்தது. இரவில் ஓட்டுவதற்கும் ஆர்டர் குறைவுதான்.

பெயர் எழுதும் இடத்திலேயே எங்களைப் போன்றவர்களுக்குச் சிக்கல். நமக்கு முன்னெழுத்து உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விட்டவர்களுக்கு விசாவில் அவர்களுடைய பெயர் குடும்பப் பெயராகப் போய், சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகி வரும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். என் கல்லூரி சீனியர் ஒருவர் அங்கே வங்கியிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அந்த மூன்று எழுத்தோடு மன்றாடியதைக் கேட்டிருந்ததால், பாஸ்போர்ட் எடுக்கும்போதே அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருந்தேன். பின்னாளில் விச்சிட்டாவில் ஆய்வகத்திலும் மருத்துவமனையிலும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

படிவத்தின் கடைசியில் பாதுகாப்புக் கேள்விகள் வரும். ஆள்கடத்தலில் ஈடுபட்டதுண்டா, பயங்கரவாதச் செயலில் பங்குண்டா, சித்திரவதை செய்ததுண்டா, இனப்படுகொலையில் சேர்ந்ததுண்டா. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லச் சொன்னார். நான் 'இல்லை' என்று சுட்டியை அழுத்தும்போதெல்லாம் அவரும் "இல்ல" என்று வாய்விட்டுச் சொன்னார். கோர்ட்டில் சத்தியம் செய்கிறவர் குரல் அது. முழுவதும் முடிந்த பிறகு, "நம்மள யாருன்னு அவங்களுக்குத் தெரியாதில்ல, கேக்கத்தான் செய்வாங்க" என்றார். கேள்வியின் முன் அவமானப்படாமல் நிற்பது எப்படி என்று எனக்கு அன்று அம்மா காட்டிக்கொடுத்தார்.

பணக் கணக்கு வேறு கதை. பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தில் முதலாண்டுச் செலவு போட்டிருக்கும். என்னுடையது இருபத்தைந்தாயிரம் டாலர் அளவில் இருந்தது. அந்தத் தொகைக்கு வழி இருக்கிறது என்று காட்ட வேண்டும். மே மாதத் தொடக்கத்தில் ஒரு டாலர் 54 ரூபாய்க்குப் பக்கம். பதின்மூன்றரை லட்சம் என்று அப்பா குறித்து வைத்தார். ஜூன் கடைசியில் டாலர் 60ஐத் தொட்டது. பதினைந்து லட்சம். ஒரு டாலர்கூடச் செலவழிக்காமல், வீட்டில் உட்கார்ந்திருந்தபடியே ஒன்றரை லட்சம் கூடிப்போனது. அது அப்பாவின் பட்டறையில் பல மாதத்து மிச்சம். தினமும் காலையில் பேப்பரில் வணிகப் பக்கத்தை எடுத்து அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்துவைப்பார்.

கல்விக் கடன் அப்போது நான்கு லட்சம் வரை ஜாமீன் இல்லாமல் தந்தார்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம். வெளிநாட்டுப் படிப்புக்கு வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் அன்று உச்சவரம்பு இருபது லட்சமாக இருந்தது. எங்களுக்கு அடமானம் வைக்க 1994ல் வாங்கிய மனையும் அதன்மேல் கட்டிய வீடும்தான். மூலப்பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாம் தகரப்பெட்டியிலிருந்து வெளியே வந்தன. வக்கீல் ஒப்பீனியன் எழுதினார். மதிப்பீட்டு இன்ஜினியர் டேப்போடு வந்து அடுப்படி வரைக்கும் அளந்தார். ஆடிட்டர் அப்பாவின் சொத்து, வருமானம், லேத்துகளின் மதிப்பு, எல்.ஐ.சி. பாலிசி, அம்மாவின் நகை எல்லாவற்றையும் ஒரே தாளில் கூட்டிப் போட்டு முத்திரை குத்தினார்.

அந்தத் தாளை நான் இரவெல்லாம் படித்தேன். இருபத்திரண்டு வயதுவரை அந்த வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி வளர்ந்திருக்கிறேன், ஆனால் அப்பா எவ்வளவு சம்பாதிக்கிறார், லேத்துக்கு எவ்வளவு கடன் பாக்கி, மனையை என்ன விலைக்கு வாங்கினார் என்று எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை. பெண்பிள்ளையிடம் யாரும் சொல்வதும் இல்லை. விசா அதிகாரி கேட்பார் என்பதால் மட்டும் எனக்குச் சொல்லப்பட்டது. வீட்டின் நிலவரம் முழுவதும் தெரிந்த அந்த இரவுதான் நான் பெரியவளானேன் என்று நினைக்கிறேன். போகலாமா வேண்டாமா என்ற தயக்கமும் அன்றுதான் வந்தது. அம்மாவிடம் சொன்னேன். "பத்திரம் பேங்குல இருந்தா திருடு போகாது, நீ படி" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். சின்ன வயதில் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறேன், கல்லூரியில் லேத் பாடம் படித்திருக்கிறேன், ஆனால் அப்பாவின் லேத்துக்குப் பக்கத்தில் நின்று அவர் வேலையை முழுதாகப் பார்த்ததில்லை. கட்டிங் ஆயிலின் வாடை, தரையில் சுருள் சுருளாகச் சீவல், சுவரில் சாக்பீஸால் எழுதிய டெலிவரி தேதிகள். கன்மெட்டல் துண்டு ஒன்றைச் சக்கில் பிடித்து, முகம் தட்டி, துளையிட்டு, போரிங் டூலை உள்ளே விட்டார். லாரியின் பட்டை ஸ்பிரிங் முனையில் வளைத்த கண் ஒன்று இருக்கும். அதற்குள் இறுக்கி இறக்கும் குழல்தான் இந்த புஷ். இதற்குள் பின் நுழையும். லாரி குழியில் விழுந்து எழும்போது தேய வேண்டியது இது, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். இது இல்லாவிட்டால் ஸ்பிரிங்கும் பின்னும் ஒன்றையொன்று தின்றுவிடும். சூடு ஆறியதும் பிளக் கேஜை எடுத்தார். அதில் இரண்டு முனை. 'கோ' முனை துளைக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், 'நோ கோ' முனை வாயிலேயே நின்றுவிட வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் உருப்படி பெட்டிக்குப் போகும்.

"நீ சொல்ற பதிலும் இப்படித்தான் இருக்கணும் பாப்பா" என்றார். "கேட்டதுக்கு உள்ள போவணும். கேக்காததுக்கு நின்னுடணும்."

அந்த மேஜைக்காரர் கொடுத்த கற்றை முழுவதையும்விட அந்த ஒரு வரி எனக்கு உதவியது. அன்று இரவே கேள்விகளை நானே எழுதி, பதிலை வாயால் சொல்லிப் பழகினேன். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். டிராயிங் படிக்கிற மனிதருக்கு எப்படி வராமல் இருக்கும்? டாலரன்ஸ், ஃபினிஷ், ரிஜெக்ஷன், லீட் டைம் என்று அவருக்குத் தேவையான ஆங்கிலம் எல்லாம் பிசகாமல் இருந்தது. நான் பேசப் பேசக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "லாங்கா இருக்கு" என்பார். சுருக்கிச் சொல்வேன். "இப்ப ஓகே" என்பார். எதிர்வீட்டு அரூர் அண்ணன் ஒருநாள் அதிகாரியாக நடித்தார். அவர் கேட்டதெல்லாம் தெலுங்கு சினிமா வில்லன் குரலில் இருந்ததால் அம்மா அவரை அனுப்பிவிட்டார்.

ஏன் விச்சிட்டா என்ற கேள்விக்கு என்னிடம் உண்மையான பதில் இருந்தது, அதில் எனக்குப் பெருமை. விச்சிட்டா விமானம் கட்டுகிற ஊர். செஸ்னா கம்பெனி 1927ல் அங்கே தொடங்கியது. போயிங் வைத்திருந்த பெரிய ஆலை 2005ல் ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் ஆனது. பல்கலைக்கழகத்திலேயே 1985லிருந்து விமானவியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஓசூருக்குப் பக்கத்தில் பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் தொண்ணூறுகளிலேயே இத்தாலியக் கூட்டோடு ஆறு பேர் உட்காரும் சிறிய விமானத்தைக் கட்டியிருக்கிறது. பள்ளி நாட்களில் அந்தப் பக்கம் தாழப் பறக்கும் விமானங்களைச் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறேன். லாரிக்குப் பாகம் செய்கிற எங்கள் ஊர்ப் பட்டறைகள் ஒருநாள் விமானத்துக்கும் செய்யலாம், அதற்குத் தரக்கட்டுப்பாடு வேறு தரத்தில் வேண்டும், அதைக் கற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. இதை யாரும் எழுதிக்கொடுக்க முடியாது. அப்பா இதை ஒருதடவைகூட லாங்கா இருக்கு என்று சொல்லவில்லை.

படித்து முடித்து என்ன செய்வாய் என்ற கேள்விதான் எங்களைப் படுத்தியது. திரும்பி வந்து ஓசூரில் வேலை பார்ப்பேன் என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது பொய்யில்லை. ஆனால் உறுதியும் இல்லை. இருபத்திரண்டு வயதில் யாருக்குத்தான் தெரியும்? 1958ல், 19 வயதில், ஷியாமளா கோபாலன் அமெரிக்காவின் பெர்க்லிக்குப் படிக்கப் போனார். அவருடைய அப்பா பி.வி.கோபாலன், மன்னார்குடி அருகே துளசேந்திரபுரத்துக்காரர். ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்து மகளின் முதலாண்டுச் செலவுக்குக் கொடுத்தார். படிப்பை முடித்துத் திரும்பி வருவார் என்றுதான் வீட்டில் எதிர்பார்த்தார்கள். ஷியாமளா அங்கேயே மணம் முடித்து, மார்பகப் புற்றுநோய் ஆய்வாளராக வாழ்ந்தார். அவர் மகள் கமலா ஹாரிஸ் 2021ல் துணை அதிபரானார். போகும்போது அந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தால் வருவேன் என்றுதான் சொல்லியிருப்பார், மனசறிந்துதான் சொல்லியிருப்பார் என்று நான் நம்புகிறேன். என் அப்பா பாட்டியிடம் சொன்னதும் அப்படித்தான்.

கிளம்பும் முன் அம்மா சந்திரசூடேஸ்வரர் மலைக்குக் கூட்டிப்போனார். குப்பத்து அம்மா ஹைதராபாத் பக்கம் சில்கூர் பாலாஜிக்கு வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். விசா கிடைக்க அந்தக் கோவிலைச் சுற்றுகிற கூட்டம் பெரிது. இரவு பஸ்ஸில் அப்பாவும் நானும் சென்னைக்குக் கிளம்பினோம். பெங்களூருவில் அப்போது அமெரிக்கத் துணைத் தூதரகம் கிடையாது. 2025 ஜனவரியில்தான் அங்கே ஒன்று திறந்தார்கள், அப்போதும் விசா வேலை அங்கே தொடங்கவில்லை. ஆகவே கர்நாடகப் பிள்ளைகளும் பெரும்பாலும் சென்னைக்குத்தான் வந்தார்கள். பெங்களூருவிலிருந்து வரும் சென்னை பஸ்களில் மே, ஜூன் மாதங்களில் மடியில் பிளாஸ்டிக் ஃபைலோடு தூங்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எளிதாக அடையாளம் காணலாம். கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன.

முதல் நாள் கைரேகையும் புகைப்படமும். பூந்தமல்லியில் சித்தி வீட்டில் தங்கி, மறுநாள் காலையில் ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் துணைத் தூதரகத்துக்கு வெளியே நடைபாதையில் வரிசையில் நின்றேன். உள்ளே போனை எடுத்துப்போகக்கூடாது. அப்பா வெளியே நின்று என் போனை வைத்துக்கொண்டார்.

உள்ளே நடந்தது கொஞ்ச நேரம்தான். எனக்கு முன்னால் நின்ற பையனின் பதில்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அச்சடித்த பத்தி, ஒரு சொல் மாறாமல். அவன் முகத்தில் ஈரம். அதிகாரி குறுக்கே ஏதோ கேட்டார். அவன் விட்ட இடத்திலிருந்து மறுபடி பத்தியைத் தொடர்ந்தான். ஒரு தாளும் பாஸ்போர்ட்டும் கையில் திரும்ப வந்தன. பாஸ்போர்ட் கையில் வந்தால் மறுப்பு என்று எங்களுக்கெல்லாம் தெரியும். நல்ல பையன் அவன், நல்ல மதிப்பெண் இருந்திருக்கும். அந்தப் பத்தியை அவனுக்கு விற்றவர்கள்மேல் எனக்கு இன்றுவரை கோபம் ஆறவில்லை.

என்னிடம் அதிகாரி ஏன் விச்சிட்டா என்று கேட்டார். சொன்னேன். அப்பா என்ன செய்கிறார் என்றார். இரண்டு லேத் வைத்துப் பட்டறை நடத்துகிறார், லாரி ஸ்பிரிங்குக்கு புஷ் கடைகிறார் என்றேன். புஷ் என்றால் என்ன என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தேய வேண்டியது அது, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். யார் செலவு என்றார். வங்கிக் கடன், வீடு அடமானம், கூடவே அப்பாவின் சேமிப்பு என்று தொகைகளைச் சொன்னேன். ஃபைலை அவர் திறக்கச் சொல்லவேயில்லை. படித்த பிறகு என்ற கேள்வி வந்தது. ஓசூரில் எங்களுடையது போன்ற பட்டறைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அங்கே எனக்கு வேலை இருக்கிறது என்றேன். பாஸ்போர்ட்டை அவர் பக்கமே வைத்துக்கொண்டார்.

வெளியே வந்து அப்பாவிடம் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "புஷ் பத்திக் கேட்டாங்களா?" என்றுதான்.

ஆகஸ்டில் நான் போய்ச் சேர்ந்த சில வாரங்களில், 28ம் தேதி, ரூபாய் டாலருக்கு 68ஐத் தாண்டி விழுந்தது. கடன் ரூபாயில் முடிவானது, கட்டணம் டாலரில். அடுத்த பருவத்துக்கான தொகையில் விழுந்த துண்டை அப்பா எப்படி அடைத்தார் என்று எனக்கு அப்போது சொல்லவில்லை. இரண்டாவது லேத்தை விற்றிருந்தார். ஊருக்கு வந்தபோதுதான் பார்த்தேன்.

2015ல் படிப்பு முடிந்து அங்கேயே பயிற்சி வேலை பார்த்தேன். அங்கே தொடர்ந்து வேலை பார்க்கத் தேவையான எச்-1பி விசா, குலுக்கல் முறையில் ஆண்டுக்கு 85,000 பேருக்குத்தான். குலுக்கலில் என் பெயர் விழவில்லை. 2018ல் ஓசூருக்குத் திரும்பினேன். இப்போது தரக்கட்டுப்பாட்டில்தான் வேலை. அதிகாரியிடம் சொன்னபடியே நடந்தது. குலுக்கலில் பெயர் விழுந்திருந்தால் நான் வந்திருப்பேனா என்று அம்மா ஒருமுறை கேட்டார். அப்போதைக்கு வந்திருக்க மாட்டேன் என்று உள்ளதைச் சொன்னேன். அப்பா இன்றைக்கும் பட்டறைக்குப் போகிறார். செங்கத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை, பாட்டியின் திதிக்கு.

நான் விண்ணப்பித்த 2012-13 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 96,754 பேர். 2023-24ல் அது 3,31,602 ஆனது. அந்த ஆண்டில் வேறெந்த நாட்டிலிருந்தும் அவ்வளவு பேர் அங்கே இருக்கவில்லை. 2025 மே கடைசியில் மாணவர் நேர்காணலுக்குப் புதிய தேதி தருவதை நிறுத்தினார்கள். ஜூனில் மறுபடி தொடங்கியபோது, விண்ணப்பிக்கிறவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண் அப்போது விண்ணப்பித்தாள். அக்கா அக்கா என்று தினமும் வந்துவிடுவாள். இன்ஸ்டாகிராமில் எதை அழிப்பது என்ற பயம்தான் அவளுக்குப் பெரிது. எல்லாவற்றையும் ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன்.

"பிரைவேட் ஜாப்னு சொல்லச் சொன்னாங்க அக்கா."

பவுடர் கோட்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர் அவர். அம்மா அத்திப்பள்ளியில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறார். அப்பாவின் யூனிட்டுக்குள் அவள் கால்வைத்ததே இல்லை. திங்கட்கிழமை அவரோடு போய், எந்தெந்த உருப்படிக்குப் பூச்சு போடுகிறார்கள், பவுடர் எத்தனை டிகிரியில் உருகிப் பிடிக்கிறது, பிடிக்காமல் போனால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டுவிட்டு வரச் சொன்னேன். டாலர் அப்போது 86 ரூபாய். தொண்ணூறைத் தாண்டினால் என்ன செய்வது என்று அப்பா அம்மாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, அந்தத் தாளையும் கையோடு எடுத்துவரச் சொல்லி அனுப்பினேன்.